அம்மாள் வள்ளத்தில் ஓர் இடம்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஆறே கால். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். யன்னலோரம் கிடைத்தது, அந்த யன்னலைத்தான் மூட முடியவில்லை. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று என் தலைமயிரைப் பிய்த்து எடுத்தது. "கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்கோவன் தம்பி" என்று கொண்டக்டரிடம் கேட்டேன். "அது போன மாரியிலையிருந்து அப்பிடித்தான் அம்மா, நீங்கள் முந்தானையைப் போர்த்துங்கோ" என்றார். அதுவும் ஒரு மறுமொழிதான்.

கொக்குவிலில் பிறந்து, அங்கேயே இருந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கடலுக்கும் எனக்கும் ஒத்துவராது. வள்ளத்தில் கால் வைத்தாலே வயிற்றைப் பிரட்டும். அப்படியிருந்தும் இந்தப் பயணத்துக்கு வெளிக்கிட்டதற்குக் காரணம் ஒரு கேள்வி. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், தண்ணீருக்குள் நிற்கும் கடற்கோட்டையில் வெள்ளைக்காரர் காலத்தில் தொற்றுநோய்க்காரரைத் தனியே வைத்திருந்தார்கள் என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களை அங்கே கொண்டுபோனது யார்? பெரியம்மை கண்ட ஒருவரோடு ஒரே வள்ளத்தில் உட்காரத் துணிந்த மனிதர்கள் எங்கிருந்து கிடைத்தார்கள்? புத்தகத்தில் அரசாங்கத்தின் பெயர் இருந்தது, வள்ளக்காரனின் பெயர் இல்லை. படிப்பிக்கிற காலத்தில் கேட்க நேரமில்லாத கேள்வி, ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தூங்க விடவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று பனைகளுக்குள்ளால் போகும் பாதை. ஏழரை மணியளவில் கண்ணகை அம்மன் இறங்குதுறைக்கு வந்துவிட்டேன். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போகிற பயணிகள் வள்ளம் இங்கிருந்துதான் புறப்படுகிறது. பக்கத்திலேயே அம்மன் கோயில். அம்மை நோய்க்கு அதிபதி என்று எங்கள் சனம் கும்பிடுகிற அதே கண்ணகை. இந்தப் பெயரை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன், ஆனால் கேள்வியோடு வந்து நின்றபோதுதான் உடம்பு சிலிர்த்தது.

எட்டு மணிக்கு வள்ளம். கட்டணம் இருநூறு ரூபாய், குமட்டல் இலவசம். நான் இருந்த வாங்குப் பலகையில் இன்னும் இரண்டு பேர். ஒரு பக்கம் கஜன் என்ற இளைஞன்; நான் படிப்பித்தவள் என்று அறிந்ததும் 'ரீச்சர்' என்றே கூப்பிட்டான். வவுனியாவில் மேசன் வேலை, சொந்த ஊர் அனலைதீவு. மடியில் பெரிய பை. பைக்குள்ளே குழந்தைத் துணி, நுளம்புவலை, சின்னத் தலையணை. "மனிசி தர்சினிக்கு இது ஒம்பதாம் மாசம் ரீச்சர். முதல் பிள்ளை. ரெண்டு மாசமா வீட்டை வரேல்லை" என்றான். கேளாமலே சொன்னான், சொல்லிவிட்டு வெட்கப்பட்டான்.

மறுபக்கம் சூசை அண்ணை. அறுபது தாண்டிய மீனவர், அனலைதீவுக்காரர். இயந்திரத்துக்கு ஏதோ உதிரிப்பாகம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். அவர் வாயைத் திறந்தால் வள்ளத்தின் இயந்திரச் சத்தமே அடங்கிவிடும். கடற்கோட்டை வலப்பக்கம் தெரிந்ததும் நான் கேள்வியைப் போட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆரைக் கேக்கிறியள்? எங்கடை பாட்டன் பூட்டன்மாரைத்தான் கேக்கிறியள்! அம்மாள் வள்ளம் எண்டு சொல்லுறது. அதிலை எல்லாரும் ஏறேலாது. மூஞ்சையிலை தழும்பு இருக்கோணும்."

"தழும்போ?"

"ஓம். அம்மாள், அதான் அம்மை நோய், வந்து போனவைக்குத் திரும்ப வராது. அவைதான் தண்டு வலிப்பினம், அவைதான் தூக்குவினம், அவைதான் தண்ணி பருக்குவினம். மூஞ்சை குண்டும் குழியுமா இருந்தால் கலியாணச் சந்தையிலை விலைபோகாது. ஆனால் அண்டைக்கு ஊரே அவனைத்தான் தேடும்."

பிறகு அவர் சொன்னதில் எது மெய், எது மேலால் போட்ட தாளிதம் என்று எனக்குத் தெரியாது. மனுசன் கொஞ்சம் அளக்கிற ஆள். ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அம்மாள் வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், வேப்பங்கொப்பு கட்டுவார்களாம். அதைக் கண்ட மற்ற வள்ளங்கள் காற்றுக்கு மேற்பக்கமாக, அதாவது காற்று வருகிற பக்கமாக, ஒதுங்கி வழிவிடும். ஒதுங்கினாலும் சும்மா போகமாட்டார்கள். கையில் இருக்கிற இளநீரைக் கடலில் வீசிவிட்டுப் போவார்கள். இளநீர் மிதக்கும், நோயாளியின் வள்ளம் வந்து பொறுக்கிக்கொள்ளும். கையும் கையும் படாது, தொண்டையும் காயாது. சொந்தக்காரர் இன்னொரு வள்ளத்தில் பின்னாலே வருவார்களாம், எப்போதும் காற்றுக்கு மேற்பக்கம், கூப்பிடு தூரத்தில். பின்வள்ளம் என்று அதற்குப் பெயர். கோட்டைக்குக் கிட்ட வந்ததும் பின்வள்ளம் திரும்பிவிட வேண்டும்.

"திரும்பாட்டி?" என்று கஜன் கேட்டான்.

"திரும்பத்தான் வேணும் தம்பி. அடுத்த நாள் திருப்பி வந்து, கோட்டைக்கு வெளியிலை நிண்டு கூப்பிடுவினம். உள்ளுக்கிருந்து சத்தம் வந்தால் ஆள் இருக்குது. வராட்டி இல்லை."

மூன்று பேரும் கோட்டையைப் பார்த்தோம். இப்போது கடற்படையினர் அங்கே விடுதி நடத்துகிறார்கள். கருங்கல்லும் முருகைக்கல்லுமாகக் கடலுக்குள்ளே எழும்பி நிற்கும் அந்தச் சுவரை நோக்கி எத்தனை தாய்மார் கூப்பிட்டிருப்பார்கள்! எனக்குக் குமட்டல் மறந்துவிட்டது. ஒரு மணித்தியாலப் பயணத்தில் அது ஒரு அற்புதம்தான்.

ஒன்பது மணிக்கு அனலைதீவு. கஜன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். சூசை அண்ணை என்னைத் தன் வீட்டுக்குத் தேத்தண்ணிக்குக் கூட்டிப்போனார். கூரைக்கு மேலே காற்று ஊதியது. முற்றத்தில் வலை காய்ந்தது. அவரது மனைவி தந்த பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு இரண்டாம் வாய் குடிக்க முன்னே, கஜன் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். முகத்தில் இரத்தமில்லை.

"அண்ணை, அம்மா என்னை உள்ளுக்கு விடுறா இல்லை. தர்சினிக்கு அம்மாள் வந்திருக்காம். எனக்கு இன்னும் வரேல்லை, அதாலை கிட்டப் போகக் கூடாதாம். வெளியிலை நிண்டு கேக்கிறன், அவள் மூச்சு விடுற சத்தம் சரியில்லை."

பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது. இது கொப்பளிப்பான், சின்னம்மை. ஆனால் எங்கள் ஊர்களில் இரண்டும் அம்மாள்தான். அம்மாள் வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை தொங்கும், தாளிதம் இல்லை, மருந்து இல்லை, அதைப் பற்றிச் சத்தமாகக் கதைப்பதும் இல்லை. தண்ணீர் வார்க்கிறவரை அம்மாள் விருந்தாளி. சின்னப் பிள்ளைக்கு வந்தால் இந்தப் பக்குவத்தோடு ஆறிவிடும். நிறைமாதக்காரிக்கு வந்தால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும், வயிற்றுப் பிள்ளையையும் விடாது. அந்த வீட்டில் ஒரு கிழமையாக யாருக்கும் சொல்லவில்லை. மகனுக்குக்கூடச் சொல்லவில்லை.

சூசை அண்ணை என் முகத்தைப் பார்த்தார். என் இடது புருவத்துக்கு மேலே ஒரு குழித் தழும்பு இருக்கிறது.

"ரீச்சர், உது கொப்பளிப்பானோ?"

"ஓம். இடம்பெயர்ந்து கொடிகாமத்திலை இருக்கேக்கை வந்தது."

"அப்ப எழும்புங்கோ."

என்னை யாரும் இப்படி ஏவினால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அன்றைக்கு வரவில்லை. எழும்பினேன்.

தர்சினி உள்ளறையில் வேப்பிலை பரப்பிய பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் கொப்புளம். பேச வாய் எடுத்தால் இருமல், இருமினால் மூச்சு இழுக்க முடியவில்லை. உதடு கறுத்திருந்தது. வயிற்றில் கை வைத்தேன், பிள்ளை உதைத்தது. அந்த உதையை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை.

கஜனின் தாய் நெடுகப் போராடிய மனுசி. புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றை மகனை வளர்த்தவர். அவருக்கு மருமகளில் அன்பில்லாமல் இல்லை. விசிறி பிடித்துப் பிடித்துக் கை வீங்கியிருந்தது. ஆனால் ஒரே பிடியாக நின்றார்.

"அம்மாளைக் கடல் கடத்தக் கூடாது ரீச்சர். குத்தம் வந்திடும். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

"இஞ்சை கிடந்தால் ஆர் பொறுப்பு?" என்று நான் வெடித்தேன். வரலாற்று ரீச்சரின் குரல், கடைசி வாங்குவரை கேட்கும். அவர் அசையவில்லை. எனக்கு வாதாடத் தெரியும். ஆனால் பயந்துபோன ஒரு மனுசியிடம் வாதம் எடுபடுமா? அடுப்பில் வைத்த பச்சை விறகு மாதிரி, ஊத ஊதப் புகைதான் வந்தது.

சூசை அண்ணை வாசலில் நின்று, சத்தம் குறைத்து, முதல் தரமாக மெதுவாகப் பேசினார்.

"அக்கா, அந்தக் காலத்திலை கடற்கோட்டைக்கு எத்தினை பேரை அம்மாளோடை கடத்தினவை? அவ கோவிக்கேல்லை. இப்ப நாங்கள் போய் இறங்கிறது எந்தத் துறை? கண்ணகை அம்மன் துறை. அவவின்ரை வாசலுக்குத்தானே அக்கா கொண்டுபோறம்?"

தாய் விசிறியைக் கீழே வைத்தார். பிறகு எழும்பிப் போய், முற்றத்து வேம்பில் தானே ஒரு கொப்பை முறித்துக்கொண்டு வந்தார்.

அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த தீவு ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர். அவர் தன்னால் முடிந்ததை ஓடி ஓடிச் செய்தார். ஊசி போட்டார், ஒட்சிசன் சிலிண்டர் பூட்டினார், யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கடல் அம்புலன்ஸ் அப்போதுதான் வேறொரு நோயாளியோடு போயிருந்தது, திரும்பி வர நேரமெடுக்கும். "அவவுக்கு நேரமில்லை" என்றார் வைத்தியர். கூட அனுப்ப இருந்த தாதியோ நாலு மாதக் கர்ப்பிணி. அவரைக் கிட்டவே விட முடியாது. வைத்தியரும் தீவை விட்டு அசைய முடியாது. ஆக, என் தழும்பைப் பார்த்து அவரும் என்னையே கூடப் போகச் சொல்லிக் கேட்டார். முகமூடி எப்படிப் பிடிப்பது, சிலிண்டர் முள் எங்கே வந்தால் பயப்பட வேண்டும், எந்தப் பக்கம் சரித்துப் படுக்க வைப்பது என்று காட்டித் தந்தார். "எனக்குக் கடல் ஒத்துவராது டொக்டர்" என்றேன். "சத்தி எடுத்துக்கொண்டாவது பிடியுங்கோ அம்மா" என்றார்.

பதினொன்றரைக்குச் சூசை அண்ணையின் பைபர் வள்ளம் வெளிக்கிட்டது. நடுவில் மெத்தை போட்டுத் தர்சினி, தலைமாட்டில் நான், பின்னால் இயந்திரத்தடியில், சிறுவயதிலேயே அம்மாள் வந்துபோன அவர். அணியத்தில் கஜனின் தாய் கட்டிய வேப்பங்கொப்பு. கஜன் எங்கள் வள்ளத்தில் ஏறக் காலைத் தூக்கினான். சூசை அண்ணை துடுப்பைக் குறுக்கே நீட்டினார்.

"நீ ஏறேலாது. உனக்கு வந்து, நீயும் விழுந்தால், பிள்ளைக்கு ஆர்? பின்வள்ளத்திலை வா."

அவருடைய மருமகன் இன்னொரு வள்ளத்தில் இயந்திரத்தை உயிர்ப்பித்தான். காலையில் கதையாகக் கேட்ட பின்வள்ளம், மத்தியானம் ஆக முன்னே என் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது. சோளகம் தென்மேற்கிலிருந்து அடித்தது. அவர்கள் அந்தப் பக்கமாகவே, கூப்பிடு தூரத்திலேயே வந்தார்கள். கஜன் எழும்பி நின்றுகொண்டு கூப்பிட்டான்.

"தர்சினி! நான் இஞ்சைதான்! நான் வாறன்!"

காற்று அவன் குரலை அப்படியே கொண்டுவந்து தந்தது. அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். கண்ணால் தண்ணீர் ஓட, நான் முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கமான பாதையில் போனால் ஒரு மணித்தியாலம். பாதி வழியில் சிலிண்டர் முள், வைத்தியர் காட்டிய இடத்தை நோக்கி இறங்கத் தொடங்கிவிட்டது. நான் சொன்னேன். சூசை அண்ணை ஒரு முறை தூரத்தைப் பார்த்தார், பிறகு வள்ளத்தைத் திருப்பினார். முன்னே, துறைக்குக் குறுக்கு வழியாக, ஆழங்குறைந்த பரவைக்கடல். அதில் சிறகுவலைகள்: வரிசையாகத் தடி நட்டு, வேலி அடைத்த மாதிரிக் கட்டுகிற வலை. இரவெல்லாம் மீன் ஏறி, அடுத்த நாள் தண்ணீர் வற்றுகையில் அள்ளுகிற வலை. அதற்குள்ளால் வள்ளம் போக வழியில்லை.

"என்ன செய்யிறியள் அண்ணை? வேலிக்குள்ளை கொண்டுபோய் மாட்டுறியள்!"

"பொறுங்கோ" என்றார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையில் வேலைசெய்துகொண்டிருந்த மூன்று பேர் தலை நிமிர்ந்தார்கள். வேப்பங்கொப்பைக் கண்டார்கள். யார், என்ன, எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். தடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார்கள். வலை சரிந்தது. அதற்குள் ஏறி நின்ற மீன், வெள்ளி வெள்ளியாகக் கடலுக்குத் திரும்பிப் போனது. அவர்களுடைய அன்றைய சோறு அது. பிடுங்கிய இடைவெளியை விட்டு விலகி, காற்றுக்கு மேற்பக்கமாக நின்றுகொண்டார்கள். நாங்கள் கடந்து போகையில் ஒருவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்தார், கோயில் வாசலில் செய்கிறது போல.

என் வாழ்நாளில் நான் எத்தனையோ கோபுரம் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளிக்கு முன்னால் ஒன்றும் நிற்காது. ஐயோ, இதை எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள், இந்தச் சனத்துக்கு யார் படிப்பித்தது என்று என் மனம் அரற்றிக்கொண்டே இருந்தது. சூசை அண்ணை அவர்களைப் பார்த்து நன்றிகூடச் சொல்லவில்லை. "நாளைக்கு நான் போய்த் தடி நட்டுக் குடுக்கோணும்" என்றார், தனக்குள்ளே சொல்வது போல.

பன்னிரண்டு மணி கடந்த சற்று நேரத்தில் கண்ணகை அம்மன் துறை. அம்புலன்ஸ்காரர் இருவர் மேலே தூக்குக் கட்டிலோடு நின்றார்கள். தண்ணீர் வற்றிய நேரம். துறை எங்கள் தலைக்கு மேலே இருந்தது. வள்ளம் அலையில் ஏறி இறங்கியது. சூசை அண்ணை கயிற்றை விட்டால் வள்ளம் நகரும். மேலே நிற்கிறவர்கள் கையை நீட்டினார்கள். கீழேயிருந்து யாராவது அவளைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். நான் கட்டிப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். நிறைமாத உடம்பு, என் இடுப்பு அசைந்து கொடுக்கவில்லை. இரண்டாம் தரமும் முடியவில்லை.

தொப்பென்று ஒரு சத்தம். பின்வள்ளத்திலிருந்து கஜன் கடலில் குதித்திருந்தான்.

"வராதை! கிட்ட வராதை!" தர்சினி முகமூடியை இழுத்துவிட்டுக் கத்தினாள். வழி நெடுக அவளிடமிருந்து வந்த முதற்சொல் அதுதான். சூசை அண்ணையும் கத்தினார். நானும் கத்தினேன்.

"வந்தால் வரட்டும்" என்றான். வள்ளத்து விளிம்பைப் பிடித்து ஏறி, ஈரத்தோடு அவளைக் கையில் ஏந்தித் தோளுக்கு மேலே தூக்கிக் கொடுத்தான். அவளுடைய கொப்புளம் நிறைந்த கன்னம் அவன் கன்னத்தில் உரசிக்கொண்டு போனது. மேலே வாங்கிக்கொண்டார்கள். அம்புலன்ஸ் கதவைச் சாத்தினார்கள். அவன் முன்னாசனத்தில் ஏறினான். குழந்தைத் துணிப் பை பின்வள்ளத்திலேயே கிடந்தது. அதை எடுத்து ஓடிப்போய் யன்னலுக்குள்ளால் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் சத்தி எடுத்தேன். துறையில் குந்தியிருந்து, வயிறு ஒட்டும்வரை. சூசை அண்ணை போத்தலில் தண்ணீர் தந்து, "கடல் ஒத்துவராது எண்டு சொன்னியள், நான் நம்பேல்லை" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பின்னேரம் மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். கொக்குவிலில் எங்கள் வீடுகளுக்கெல்லாம் மதில் உண்டு. ஆளுயரம், அதற்கு மேலே கண்ணாடித் துண்டு. கொரோனாக் காலத்தில் அந்த மதில்களுக்குள் இருந்துதான் நாங்கள் பிழைத்தோம், குறை சொல்லவில்லை. ஆனால் தள்ளி நிற்பதென்றால் கதவைச் சாத்துவது என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. தள்ளி நின்றபடியே கூட வரலாம், தள்ளி நின்றபடியே வலையைப் பிடுங்கி வழிவிடலாம் என்பதை இந்த வயதில்தான் கண்டேன். கேள்விக்கு மறுமொழி தேடிப் போனவள், அந்த மறுமொழியில் ஓர் இடத்தில் நானே உட்கார்ந்து வந்துவிட்டேன்.

தர்சினி பல நாள் இயந்திரத்தின் மூச்சில் கிடந்தாள். அதற்கிடையில் வயிற்றைக் கீறி எடுத்தார்கள்: பெண் பிள்ளை, மெலிவு, ஆனால் நல்ல குரல். தாயைத் தொட்டுத் தூக்கியவன் என்பதால் கஜனை விடுதிப் பக்கமே விடவில்லை; தீவுக்குப் போய்த் தனியே இரு என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளையை அவன் தொலைபேசிப் படத்தில்தான் கண்டான். ஒவ்வொரு நாளும் எனக்கு அழைப்பு எடுப்பான். அவள் கண் முழித்தாள், அவள் கஞ்சி குடித்தாள், பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டாள்.

பிறகு இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் அழைத்தான். குரல் கம்மியிருந்தது.

"ரீச்சர், எனக்கும் வந்திட்டுது. உடம்பெல்லாம் கொப்பளம்."

"ஐயோ, மருந்து எடுத்தனியே?"

"ஓம், ஓம். அம்மாவே டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தவ. காய்ச்சலும் விட்டுட்டுது" என்று சிரித்தான்.

"பின்னை என்னடா சிரிக்கிறாய்?"

"கொப்பளம் காய்ஞ்சு விழட்டும் ரீச்சர். தாயையும் பிள்ளையையும் வீட்டை விடுற அண்டைக்குச் சூசை அண்ணையின்ரை வள்ளத்தைக் கேட்டு வைச்சிருக்கிறன். இந்த முறை அவளுக்குப் பக்கத்திலை இருந்து வருவன்."